ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு: குற்றால மலையடிவாரத்தில் அந்துப்பூச்சிக் கணக்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழுந்துவிட்டால் இந்தச் சாலையில் வண்டிகள் ஓய்வதில்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று கூட்டம் பிரிந்து போகும். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே, கடைகளின் குழல்விளக்கைச் சுற்றி ஏதோ பறந்துகொண்டிருக்கும். சிலது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலது எண்ணெய்ச் சட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். "பூச்சி" என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தட்டிவிடப்படும் அந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகள். விட்டில் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. இவற்றை இடம்வாரியாகப் பிரித்து எண்ணும் வேலை, குற்றாலத்தைச் சுற்றியுள்ள மலைத்தொடரில் சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. பூச்சியை எண்ணி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி நியாயமானது. நெல், எலுமிச்சை, தென்னை, மக்காச்சோளம் என்று மலையடிவாரத்தில் பாடுபடும் குடும்பங்களுக்கு இதற்கான பதில் தெரிந்திருப்பது நல்லது. அந்தப் பதிலில் பணமும் இருக்கிறது.

அந்து என்றாலே எதிரியா?

குதிரிலோ மூட்டையிலோ வைத்த நெல்லில் 'அந்து விழுந்துவிட்டது' என்று சொல்வது பழைய பேச்சு. நெல்மணியைக் குடைந்து உள்ளேயே வளர்ந்து, சாம்பல் நிறத்தில் வெளியே பறந்து வரும் சின்னப் பூச்சி அது. அந்த ஒரு பூச்சியின் பெயர்தான் பின்னால் மொத்தக் கூட்டத்துக்கும் பெயராகிவிட்டது. கூட்டமோ மிகப் பெரியது. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் 1,300 வகைக்குச் சற்று மேல். அந்துப்பூச்சிகள் 10,000 வகையைத் தாண்டும். உலக அளவில் 1,60,000 என்று ஒரு கணக்கு உண்டு.

இவற்றில் பயிருக்குக் கேடு செய்கிறவை மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கைத்தான் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். நெல்லில் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும், தென்னையில் கருந்தலைப்புழு, நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு, ஆமணக்கில் காவடிப்புழு, சூரியகாந்தியில் காய்த்துளைப்பான். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழக மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்த படைப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதான். பட்டு நூற்கிற பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வண்ணத்துப்பூச்சி நல்லது, அந்துப்பூச்சி கெட்டது என்ற பாகுபாடும் சரியல்ல. எலுமிச்சைக் கன்றின் கொழுந்தை மொட்டையாக்கும் பச்சைப் புழு, எல்லோரும் ரசிக்கும் கறுப்பும் மஞ்சளுமான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. அதே கன்றின் இலையில் வெள்ளிக் கோடு போல நெளிந்து நெளிந்து சுரங்கம் போடும் இலைத்துளைப்பான், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. இரண்டு பக்கத்திலும் இரண்டும் உண்டு.

எப்படி எண்ணுகிறார்கள்?

பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு வெள்ளைத் துணியைத் திரைபோலத் தொங்கவிடுகிறார்கள். துணியின் அடிப்பகுதி தரையிலும் கொஞ்சம் விரிந்திருக்கவேண்டும். திரைக்கு முன்னால் ஒரு பாதரச ஆவி விளக்கு அல்லது புற ஊதா ஒளி தரும் விளக்கு. மின்சாரம் இல்லாத காட்டுக்குள் சிறிய ஜெனரேட்டரோ பேட்டரியோ போகும். பொழுது சாய்ந்து இருட்டு விழுந்ததும் விளக்கு எரியும். ஒரு மணி நேரத்தில் துணி நிறைந்துவிடும்.

எல்லாப் பூச்சியும் விளக்குக்கு வராது. சிலது வாசனைக்குத்தான் வரும். அதற்காக அழுகிய வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பிசைந்து புளிக்கவைத்து மரத்தண்டில் பூசிவைக்கிறார்கள். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றை நடந்து தேடித்தான் எண்ணவேண்டும்.

வந்த பூச்சிகளைப் படம் எடுத்து, நேரம் குறித்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எழுதிக்கொள்கிறார்கள். பெயர் உடனே தெரியாததற்கு ஒரு எண் கொடுத்து வைக்கிறார்கள். பெயர் பிறகு வரும். அந்துப்பூச்சியில் சில வகைகளை, உள்ளுறுப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒழிய நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து, துணியில் இருப்பவற்றைப் புதருக்குள் மெதுவாக உதறிவிடவேண்டும். விடியும்வரை அப்படியே விட்டால், கரிச்சான் குருவிக்கும் மைனாவுக்கும் பந்தி வைத்ததுபோல ஆகிவிடும்.

வாழிடங்களை ஒப்பிடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே விளக்கு, ஒரே அளவு துணி, ஒரே நேரம். நிலாவும் ஒரே நிலையில் இருக்கவேண்டும். பௌர்ணமி வெளிச்சத்தில் விளக்குக்கு வரும் பூச்சி குறைந்துவிடும். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுதான் நல்ல இரவு. சாரல் சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று துணியையே பிய்த்துவிடும் என்பதால், மழைக்கும் மழைக்கும் நடுவே உள்ள அமைதியான இரவுகளுக்குக் காத்திருக்கவேண்டும்.

மொத்தம் எத்தனை வகை என்பது மட்டும் கணக்கல்ல. இரண்டு இடங்களில் தலா 100 பூச்சிகள், தலா 10 வகைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ஒரே வகை 91, மற்ற ஒன்பது வகையும் ஒவ்வொன்று. இன்னோரிடத்தில் ஒவ்வொரு வகையும் பத்துப் பத்து. எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒரே காடு அல்ல. முதலாவது, ஒரே பயிர் போட்ட நிலம் மாதிரி. இரண்டாவது, ஊடுபயிரும் வரப்புப் பயிரும் உள்ள நிலம் மாதிரி. எதில் நோய் வந்தால் எல்லாம் போகும் என்று விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்லை.

வயலிலிருந்து மலை வரை

தென்காசிப் பக்கத்தின் வசதி என்னவென்றால், சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நிலம் பல முறை மாறிவிடும். சிற்றாற்றுப் பாசனத்தில் காரும் பிசானமும் விளையும் நெல்வயல்கள். சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடியில் மஞ்சள் விரித்த சூரியகாந்திக் காடுகள். இலஞ்சி, மேலகரம், வல்லம் என்று மலையை நெருங்க நெருங்கத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். அதைத் தாண்டினால் முட்புதர்க்காடு, தேக்கு, இலையுதிர்க்காடு. ஓடையை ஒட்டி மேலேறினால் வெயில் படாத ஈரக்காடு. இந்த மலைக்காடுகள் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தவை. அதன் பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூச்சிக்கூட்டம் உண்டு. காரணம் எளிது. அந்துப்பூச்சி எங்கே பறக்கிறது என்பதை அதன் புழு எதைத் தின்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. பல புழுக்கள் ஒரே செடி, அல்லது ஒரே குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறெதையும் தொடாது. ஆகவே செடி வகை அதிகமுள்ள இடத்தில் பூச்சி வகையும் அதிகம். குற்றாலத்தின் செடிவளம் புதிய செய்தியல்ல. 1830-களிலேயே தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் இங்கே செடிகளைச் சேகரித்து எழுதியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்ததும் இதே மண்ணில்தான்.

நெல்வயல் ஓரத்தில் விளக்கு வைத்தால் துணி சீக்கிரம் நிறையும். ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று வகைகளாகவே இருக்கும். தோப்புகளில் வகை கொஞ்சம் கூடும். வேலியில் என்ன செடி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். கம்பிவேலி போட்ட தோப்பைவிட, அரளி, நந்தியாவட்டை, நொச்சி, கொடிகள் எல்லாம் கலந்த உயிர்வேலி உள்ள தோப்பில் பூச்சியும் குருவியும் அதிகம். அரளி இலையைத் தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அதன் இறகைப் பார்த்தால் பட்டுச்சேலைக் கரை தோற்றுவிடும்.

தேக்கங்காட்டில் வேறு கதை. மழை தொடங்கித் தேக்கு துளிர்க்கும் நேரத்தில், ஒரே வகை அந்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து முட்டையிடும். சில நாட்களில் மரங்கள் இலை நரம்பு மட்டும் மிஞ்சி நிற்கும். கேரளத்தின் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் இந்தப் புழுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதை மட்டும் தாக்கும் வைரஸைக் கொண்டே கட்டுப்படுத்தும் முறையைக் கேரள வன ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. ஒரே மரம் நட்ட காட்டின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ஓடைக்கரை ஈரக்காட்டில் ஒரு விளக்கில் ஒரே வகை குவிவது குறைவு. ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு என்று வரும். காய்ந்த இலை, மரப்பட்டை, பறவை எச்சம் போல வேடமிட்டவை வரும். அதிர்ஷ்டம் இருந்தால், இறகை விரித்தால் ஏறத்தாழ ஒரு சாண் அகலம் இருக்கும் அட்லஸ் அந்துப்பூச்சி வரும். வளர்ந்த பிறகு அதற்கு உணவு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே ஒரு வாரம் போல வாழ்ந்து, இணை தேடி, முட்டையிட்டு மடிந்துவிடும்.

ஒரு விளக்கின் ஈர்ப்பு சில பத்து மீட்டர்கள்தான். அதனால் துணியில் வந்து உட்கார்வது பெரும்பாலும் அந்த இடத்துப் பூச்சிதான். வயலையும் காட்டையும் ஒப்பிட இந்த முறையை நம்ப முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்கு அந்தப் பக்கமும், தெற்கேயும்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் தென்மலை. அங்கே செந்துருணி வனவிலங்கு சரணாலயம். செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரால் வந்த பெயர் அது. அங்கும் பொன்முடியிலும் இரண்டு வாரம் விளக்கு வைத்து எண்ணிய ஆய்வாளர்களின் அறிக்கை 2018-ல் வெளியானது. யஷ் சோந்தி, சஞ்சய் சோந்தி, கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்டோரின் அந்தக் கணக்கில் 280 வகையை ஒட்டி வந்தன. அவற்றில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதுவரை பதிவாகாத வகைகளும் இருந்தன. இரண்டே வாரத்தில் இவ்வளவு என்றால், ஆண்டு முழுக்க எண்ணினால் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் நடந்தது இன்னும் சுவையான செய்தி. இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்தவர், பூச்சியில் மனம் போய், பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அவர் எழுதிய நான்கு தொகுதிகள் 1892 முதல் 1896 வரை வெளியாயின. இலங்கையின் திருகோணமலையிலிருந்து கிடைத்த ஒரு பூச்சிக்கு 1893-ல் அவர் 'மிமியூசீமியா சிலோனிகா' என்று பெயர் வைத்தார். 127 ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில் களக்காடு முண்டந்துறையின் ஓரப்பகுதியில் நடந்த அந்துப்பூச்சிக் கணக்கெடுப்பில் அதே பூச்சி படத்தில் சிக்கியது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. கடலுக்கு இரு பக்கமும் ஒரே பூச்சி இருப்பது வியப்பல்ல. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையின் மலைகளும் உயிர்வளத்தில் உறவுக்காரர்கள்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பூச்சி கிடைத்தது யாரும் போக முடியாத நடுக்காட்டில் அல்ல. ஊருக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள ஓரத்தில். விவசாயி நிலத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் என்று சொல்லும் தூரத்தில்.

தோட்டக்காரருக்கும் காட்டுக்கும் ஒரு வழக்கு

இந்த ஓரத்தில் சண்டையும் உண்டு. புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். மலையடிவாரத் தோட்டங்களில் சாத்துக்குடி, மாதுளை, கொய்யாவும் உண்டு. பழம் பழுக்கும் நேரத்தில், ஊசி குத்தியது போல ஒரு துளை விழும். இரண்டு மூன்று நாளில் அதைச் சுற்றி அழுகி, பழம் உதிர்ந்துவிடும். பழ ஈ என்று நினைத்துப் பகலில் மருந்து அடிப்பவர்கள் உண்டு. பலன் இருக்காது. ஏனென்றால் துளை போட்டது, இரவில் வந்த பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. மற்ற அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் பூவில் தேன் குடிக்கத்தான் பயன்படும். இதற்கோ அது ரம்பம் போன்ற முனையுடன் பழத்தோலைத் துளைக்கும் அளவுக்குக் கெட்டியானது. ஆரஞ்சு நிறப் பின்னிறகில் கறுப்பு அடையாளம் இருக்கும்.

இதன் புழுவைத் தோட்டத்தில் தேடினால் கிடைக்காது. அது எந்தப் பழமரத்தின் இலையையும் தின்பதில்லை. சீந்தில் கொடியிலும் கட்டுக்கொடியிலும்தான் வளர்கிறது. அந்தக் கொடிகள் வேலியிலும் காட்டோரத்திலும் படர்ந்திருக்கும். எனவே காட்டை ஒட்டிய தோட்டக்காரருக்கு மனக்குறை வருவது இயல்பு. காடு பூச்சியை வளர்க்கிறது, நஷ்டம் மட்டும் இங்கே என்று.

அந்த மனக்குறையில் பாதி உண்மைதான். ஆனால் சரணாலயத்துக்குள் கொடியை அறுக்க முடியாது. அறுத்தாலும் தீராது. சீந்தில் மருந்துக் கொடியும்கூட. அதே காட்டோரத்திலிருந்துதான் இந்தப் புழுக்களைத் தின்னும் குருவிகளும், பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் வௌவாலும் பக்கிக் குருவியும் தேவாங்கும் வருகின்றன. பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் பூச்செடியும் புதரும் உள்ள ஓரத்தில்தான் தங்கும்.

தோட்டத்துக்குள் செய்யக்கூடியவை இருக்கின்றன. தோட்டத்தின் சொந்த வேலியில் படர்ந்த சீந்திலைப் பழம் பழுக்கும் பருவத்துக்கு முன் பார்த்துப் புழு இருந்தால் பொறுக்கலாம், அல்லது கொடியை அகற்றலாம். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிப் புதைக்கவேண்டும். அவற்றின் வாசனைதான் அடுத்த கூட்டத்தை அழைக்கிறது. மாதுளை, சாத்துக்குடி போன்ற பழங்களுக்கு உறை போடலாம். முற்றிய காயை மரத்திலேயே பழுக்க விடாமல் பறித்துவிடலாம். எலுமிச்சையைச் செங்காயாகப் பறிப்பவர்களுக்கு இந்தச் சேதம் குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

இரவு வேலைக்காரர்கள்

நன்மைக் கணக்கையும் எழுதவேண்டும். புடலைப் பூவைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை நூல் பிரிந்தது போன்ற அந்தப் பூ பொழுது சாயும்போது விரிகிறது. சுரைப்பூவும் மாலையில்தான் மலர்கிறது. வெள்ளை நிறமும் இரவு மணமும் அந்துப்பூச்சிக்கு வைத்த அழைப்பு. ஆண், பெண் மரம் தனித்தனியாக உள்ள நாட்டுப் பப்பாளியில் மகரந்தம் சேர்க்கும் முக்கிய வேலைக்காரர் பருந்து அந்துப்பூச்சி. இருட்டத் தொடங்கும்போது பூவுக்கு முன்னால் ஹெலிகாப்டர் போல நின்றபடியே தேன் குடித்துவிட்டுப் போய்விடும். பகலில் தேனீ செய்வதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரவில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

புழுவாக இருக்கும்போதும் அவை காட்டுக்குச் சோறு போடுகின்றன. தானியம் தின்னும் குருவியாக இருந்தாலும் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். புழு குறைந்தால் குஞ்சு குறையும். குஞ்சு குறைந்தால், அடுத்த பருவத்தில் வயலில் புழு பொறுக்க ஆள் இருக்காது.

வெளிச்சம் செய்யும் வேலை

விளக்கில் விட்டில் விழுவதை ஆசை என்று உவமை சொல்லியே பழகிவிட்டது. உண்மை வேறு. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, வேகமாகப் படம் பிடிக்கும் கேமராவைக் கொண்டு இதைக் காட்டியது. செந்துருணியில் பூச்சி எண்ணிய யஷ் சோந்தியும் அந்த ஆய்வில் ஒருவர். இரவில் பறக்கும் பூச்சிக்கு வானம்தான் வெளிச்சமான பக்கம். எனவே முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் வைத்துப் பறக்கப் பழகியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால், அதைத்தான் வானம் என்று முதுகைச் சாய்க்கிறது. சாய்ந்ததும் பாதை வளைகிறது. வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகிறது. ஆசையில் விழுவதில்லை, மேல் கீழ் தெரியாமல் சிக்கிக்கொள்கிறது.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவிக்கரை, கடைத்தெரு, விடுதிகள் எல்லாம் விடிய விடிய எரிகின்றன. காட்டை ஒட்டிய தோப்புகள் தங்கும் விடுதிகளாக மாறும் இடங்களிலும் அதே வெளிச்சம். புதுத் துளிர் வந்து அந்துப்பூச்சி பெருகும் மாதங்களும் இவையே. வெள்ளையும் நீலமும் கலந்த எல்.இ.டி. விளக்குக்குப் பூச்சி அதிகம் வரும். மஞ்சள் நிற விளக்குக்குக் குறைவு. காட்டைப் பார்த்து எரியும் விளக்குக்கு ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். பண்ணைவீட்டு வாசல் விளக்குக்கும் இது பொருந்தும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

விளக்குப்பொறி வைத்தால் நல்ல பூச்சியும் சாகுமா?

சாகும். இரவு முழுக்க எரிந்தால் நன்மை செய்யும் வண்டு, குளவி, அந்துப்பூச்சி எல்லாம் விழும். ஏக்கருக்கு ஒரு பொறி போதும். மாலை ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரை எரியவிட்டு அணைத்துவிடவேண்டும். காட்டோர வயல்களில் பொறியைக் காட்டின் பக்கம் வைக்காமல் ஊர்ப் பக்க வரப்பில் வைக்கலாம். தினமும் விழுந்ததைப் பார்த்து எழுதிவைத்தால், அது பொறி மட்டுமல்ல, முன்னெச்சரிக்கைக் கருவியும்கூட.

குறிப்பிட்ட ஒரு பூச்சியை மட்டும் பிடிக்க வழி உண்டா?

இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. படைப்புழு, காய்த்துளைப்பான், குருத்துப்பூச்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கவர்ச்சிப் பொருள். ஏக்கருக்கு ஐந்து பொறி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை கவர்ச்சிக் குப்பியை மாற்றவேண்டும். மற்றப் பூச்சிக்குத் தொந்தரவில்லை.

குருத்துப்பூச்சி வந்தால் உடனே மருந்துதானா?

முட்டையிலேயே பிடிப்பது மலிவு. நாற்றின் இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக்குவியல் இருக்கும். நடவுக்கு முன் நுனியைக் கிள்ளி அழித்துவிடலாம். நட்ட 30, 37-ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணி அட்டையை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் கட்டலாம். அட்டை கட்டிய வயலில் அந்த வாரம் மருந்து அடித்தால் ஒட்டுண்ணி செத்துவிடும்.

எண்ணுவதால் யாருக்கு லாபம்?

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1930-களில் வயலோரம் ஒரு விளக்குப்பொறி வைத்தார்கள். பின்னர் அதே மாதிரிப் பொறிகள் நாடு முழுக்கப் பரவின. தினமும் ஆட்கள் எண்ணி எழுதினார்கள், அவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அரை நூற்றாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, 1968-லிருந்து 2017-க்குள் பெரிய அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடையே 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-ல் தெரியவந்தது. காடு பத்திரமாக வேலிக்குள் இருந்தது. பூச்சி மட்டும் இல்லை. எண்ணி வைத்தவர்கள் இருந்ததால்தான் அது தெரிந்தது.

குற்றால மலைக்கும் அப்படியொரு கணக்குப் புத்தகம் வேண்டும். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் பூச்சி பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்குள் எண்ணுவதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். காட்டுக்கு வெளியே உள்ள வயலும் தோப்பும் வீட்டுக் கொல்லையும் யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடங்கள். ஒப்பிடுவதற்கு அந்த இடங்களின் கணக்கும் இருந்தால்தான் காட்டுக் கணக்குக்கு அர்த்தம் வரும்.

உலகம் முழுக்க ஜூலை கடைசி வாரத்தில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம். இங்கே அது ஆடி மாதம். ஆடி அமாவாசையும் அதை ஒட்டித்தான் வரும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொல்லையில் கட்டி, ஒரு பல்பைத் தொங்கவிட்டு, இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளைகளை உட்காரவைத்தால் போதும். தேதி, மழை உண்டா இல்லையா, காற்று எப்படி, எத்தனை விதமான பூச்சி, பக்கத்தில் என்ன பயிர். இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். பெயர் தெரியாவிட்டால் கைபேசியில் படம் எடுத்து 'ஒன்று, இரண்டு' என்று எண் போடலாம். முடிந்ததும் விளக்கை அணைத்து வேட்டியை உதறிவிடவேண்டும்.

அடுத்த ஆடியிலும் அதே இடத்தில், அதே விளக்கில் எண்ணவேண்டும். அதற்கடுத்த ஆடியிலும். வேலியை மாற்றியபோது என்ன ஆனது, மருந்தை நிறுத்தியபோது என்ன ஆனது, பக்கத்து நிலத்தில் விடுதி வந்தபோது என்ன ஆனது என்று அந்த நோட்டு சொல்லும். படைப்புழுவின் தாய்ப்பூச்சி மக்காச்சோளம் நட்ட முதல் வாரத்திலேயே வேட்டியில் வந்து உட்கார்ந்தால், செலவு கைமீறுவதற்கு முன் அதையும் சொல்லும்.